நாவச்சோலை ஓடைக்குக் கிடைத்த மதிப்பெண்

சுலோச்சனா எதையும் லேசில் பாஸ் போட்டுவிட மாட்டார் என்பது குன்னூரில் பலருக்கும் தெரிந்த விஷயம். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். மூடியோ, வாஷரோ, உறையோ, எது மேசைக்கு வந்தாலும் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பிறகு அளவெடுப்பார், பிறகு முகத்தைச் சுளிப்பார். முகம் சுளித்தால் பெட்டியோடு திரும்பிப் போகவேண்டியதுதான். சிவப்பு மையில் ‘ரிஜெக்ட்’ என்று குத்தும் முத்திரை அவர் கையில் தேய்ந்து தேய்ந்து எத்தனையோ முறை மாற்றப்பட்டது. ‘அக்செப்ட்’ முத்திரை மட்டும் அவர் ஓய்வுபெற்ற நாளன்றும் கடையில் வாங்கிய பளபளப்போடு இருந்தது. முதுகுக்குப் பின்னால் ‘ரிஜெக்ட் அக்கா’ என்றார்கள். அது காதில் விழுந்தபோதும் அவர் கோபப்படவில்லை.

“வெடிக்கிற சாமானுக்கு மூடி செய்யற எடத்துல அக்செப்ட் அக்கா ஒருத்தி இருந்திருந்தா, நீங்களும் நானும் நின்னு பேசிட்டிருக்க மாட்டமுங்க” என்பார்.

வீட்டிலும் அதே கண்தான். கணவர் நல்லசிவம் பஜாரில் பேக்கரி வைத்திருந்தார். அவர் கடையின் மொறுமொறுப்பான வர்க்கி பிஸ்கட்டுக்கு ஊட்டியிலிருந்து வந்து வாங்கிப்போகிறவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்த வர்க்கி ஒருநாளும் தேறியதில்லை. அடுக்கு பிரியவில்லை, அடி தீய்ந்திருக்கிறது, நெய் வாசனைக்குப் பதில் டப்பா வாசனை வருகிறது. கடைசியில் அவர் வீட்டுக்குப் பன் மட்டுமே எடுத்துவர ஆரம்பித்தார். பன்னில் குறை சொல்ல அதிக இடமில்லை.

இப்படிப்பட்டவர் அறுபது வயதில் ஓய்வு பெற்று, பரிசோதிப்பதற்கு ஒன்றுமே இல்லாமல், நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நல்லசிவத்துக்குச் சட்டை மாட்டும் ஆணியிலிருந்து குளிக்கும் தண்ணீரின் சூடு வரை எல்லாவற்றுக்கும் அளவு வந்துவிட்டது. ஒருநாள் பேக்கரிக்கு டீ குடிக்க வந்த ஒருவர், நீலகிரி ஓடைகளின் ஆரோக்கியத்தைச் சோதிக்க ஒரு குழு தன்னார்வலர்களைத் தேடுகிறது, சம்பளமில்லை, ஆனால் வாரத்தில் பாதிநாள் காடுமேடெல்லாம் அலையவேண்டும் என்றார். நல்லசிவம் மனைவியைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டார். இயற்கையின் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்தது என்று அந்தக் குழுவினர் இன்றும் நம்புகிறார்கள்.

குழுவை நடத்தியவர் கீர்த்திவாசன். கோயமுத்தூர்க்காரர், நீர்ப்பூச்சிகளைப் பற்றிப் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். யாரையும் புண்படுத்தாமல் பேசுகிறவர். முதல்நாள் பயிற்சியில் அவர் சொன்னார்:

“தண்ணிய பாட்டில்ல புடிச்சு லேபுக்கு அனுப்பினா, புடிச்ச அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சுன்னு மட்டுந்தாங்க தெரியும். ஆனா ஓடைக்குள்ள இருக்கற பூச்சி வருஷம் பூரா அங்கியே குடியிருக்குது. அதைப் பாத்தா அந்தத் தண்ணி என்னென்ன பட்டுச்சுன்னு மொத்தமும் தெரிஞ்சுரும்.”

“பூச்சி பொய் சொல்லாதுங்களா?” என்று கேட்டார் சுலோச்சனா.

“சொல்லாதுங்க.”

அந்தப் பதில் சுலோச்சனாவுக்குப் பிடித்துவிட்டது. தொழிற்சாலையில் அவரிடம் பொய் சொல்லாத சப்ளையரே கிடையாது.

வேலை இதுதான். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கவேண்டும். தண்ணீர் போகும் திசையில் ஒரு வலையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் உதைத்துக் கிளறவேண்டும். கல்லுக்கடியில் ஒட்டியிருப்பதெல்லாம் வலைக்குள் வரும். அதை வெள்ளைத் தட்டில் கொட்டினால் பூச்சிகள் நெளிய ஆரம்பிக்கும். எந்தெந்தப் பூச்சி என்று பார்த்து மதிப்பெண் போடவேண்டும். ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாததால் தன்னார்வலர்கள் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். வாலில் இரண்டு முடி நீட்டிக்கொண்டிருப்பது ரெட்டைவால். குளிர்ந்து ஓடும் சுத்தமான தண்ணீரில்தான் வாழும், கொஞ்சம் அழுக்கென்றாலும் செத்துப்போகும். அதற்கு முழு மதிப்பெண். மணலை ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொள்வது கூடுகட்டி. அதற்கும் நல்ல மதிப்பெண். கடைசி வரிசையில் ரத்தப்புழு. காற்றே இல்லாத சேற்றிலும் பிழைத்துக்கிடக்கும் சிவப்பு நூல். பெயர்தான் பயங்கரம், அது யாரையும் கடிப்பதில்லை, ரத்தம் குடிப்பதுமில்லை. உடம்பு சிவப்பு, அவ்வளவுதான். ஓடையில் அது ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை, அதுவே எங்கும் நிறைந்திருந்தால் ஓடை கெட்டுவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ‘மிக நன்று’, ‘நன்று’, ‘சுமார்’, ‘மோசம்’ என்று நான்கில் ஒன்றைக் கொடுக்கவேண்டும்.

மற்ற தன்னார்வலர்கள் இளகிய மனதுக்காரர்கள். ஓடைச் சத்தம் கேட்டதுமே பாதி மதிப்பெண் போட்டுவிடுவார்கள். சுலோச்சனா போன இடமெல்லாம் ‘மோசம்’. தப்பித்தவறி ஒன்றிரண்டு ‘சுமார்’. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்துவிட்டு, “இது ஓடையில்லீங்க, மூடி போட மறந்த டிரைனேஜு” என்று தட்டைக்கூட வெளியே எடுக்காமல் திரும்பிவிட்டார். கீர்த்திவாசனுக்குக் கவலை வந்துவிட்டது. அறிக்கையைப் பார்க்கிறவர்கள் நீலகிரியில் தண்ணீரே இல்லை என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள். குந்தா வட்டத்தில் பிக்கட்டிக்கு மேலே, ஒரு தேயிலை எஸ்டேட்டைத் தாண்டி, காட்டுக்குள்ளிருந்து இறங்கி வரும் நாவச்சோலை ஓடைக்கு அவரை அனுப்பினார். அது நல்ல ஓடை என்று கீர்த்திவாசனுக்கு முன்பே தெரியும். சுலோச்சனாவுக்குக் கொஞ்சம் மனம் இளகட்டும் என்றுதான் அனுப்பினார்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் மரகதம் வழிகாட்டியாக வந்தார். மரகதம் குடியிருந்த தொழிலாளர் லைன் வீடுகளுக்கெல்லாம் குடிதண்ணீர் அந்த ஓடையிலிருந்துதான், கறுப்பு ஓஸ் குழாய் வழியாக வருகிறது. தேயிலைக்குள் நுழைந்து, அட்டைகளை உதறிக்கொண்டு, இருவரும் சோலையை அடைந்தார்கள். சுலோச்சனா தண்ணீரில் இறங்கி உதைக்க ஆரம்பித்ததும் மரகதம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, அந்தத் தண்ணி உங்களுக்கு என்ன பண்ணுச்சுங்க? இப்படிப் போட்டு ஒதைக்கிறீங்க?”

“அது நல்ல தண்ணியான்னு பாக்கறனுங்க.”

“ஒதைச்சாத்தான் தெரியுங்களா?”

சுலோச்சனா தட்டில் கொட்டிக் குனிந்து பார்த்தார். ரெட்டைவால் ஒன்றிரண்டல்ல, கூட்டமாகவே வந்திருந்தன. கூடுகட்டிகள் தங்கள் மணல்வீட்டோடு நகர்ந்துகொண்டிருந்தன. கட்டைவிரல் நகமளவு நண்டு ஒன்று தட்டின் ஓரத்தில் ஏறப் பார்த்தது. சுலோச்சனா குறை தேடினார். மேலே போய் உதைத்தார், கீழே வந்து உதைத்தார், கரையை மோந்து பார்த்தார், கற்களைத் திருப்பிப் பாசியைத் தடவினார். மரகதம் பொறுமையிழந்து ஒரு பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார். குறை கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, சுளிக்கத் தயாராக இருந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று சுலோச்சனாவுக்குத் தெரியவில்லை. ‘மிக நன்று’ என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து, பன்னோடு உள்ளே நுழைந்த கணவரிடம் சொன்னார்: “ஏனுங்க, இன்னிக்கு ஒண்ணைப் பாஸ் போட்டுட்டனுங்க.”

நல்லசிவம் அப்படியே நின்றார். “யாரை அம்மிணி?”

“ஒரு ஓடையைங்க.”

முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தும் தனக்குக் கிடைக்காதது ஓர் ஓடைக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டதே என்று நல்லசிவத்துக்கு ஏதோபோல் இருந்தது. கையிலிருந்த பன்னை மேசையில் வைத்தார்.

‘ரிஜெக்ட் அக்கா’ ஓர் ஓடையை அக்செப்ட் செய்துவிட்டார் என்ற செய்தி, பழைய தொழிற்சாலைச் சகாக்கள் மூலமாகப் பரவி, ஒரு செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கம் வரைக்கும் போய்விட்டது. முழங்கால் அளவு தண்ணீரில் சுலோச்சனா வலையோடு நிற்கும் படமும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, எஸ்டேட்டுக்குக் கீழே புதிதாக முளைத்திருந்த ஒரு ரிசார்ட்டின் மேனேஜர் ரமேஷ், பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தார்.

“மேடம், எங்க கெஸ்ட்டுங்க எல்லாருக்கும் உங்களைப் பத்தித்தான் சொல்றோம். நீங்க ஒண்ணை நல்லாருக்குன்னு சொல்லீட்டா அதுக்கு மேல சர்டிபிகேட்டே வேண்டாம்னு ஊரே பேசுதுங்க.”

சுலோச்சனாவைப் புகழ்ந்து வீடுதேடி வந்த முதல் ஆள் அவர்தான். சப்ளையர்கள் வீடுதேடி வந்ததுண்டு, ஆனால் அது திட்டுவதற்கு. பொன்னாடையைச் சுலோச்சனா வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். நல்லசிவம் அதைக் கவனித்தார்.

சித்திரை பிறந்து சீசன் சூடுபிடித்தது. இ-பாஸ் எடுத்துக்கொண்டு மலையேறிய கார்கள் பர்லியாரிலிருந்து ஊர்ந்தன. அந்தக் கார்களில் சில பிக்கட்டிப் பக்கம் திரும்ப ஆரம்பித்தன. ரிசார்ட் வாசலில் ‘நீலகிரியின் மிகச் சுத்தமான ஓடை, ஆய்வில் நிரூபணம்’ என்று பெரிய போர்டு. காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று விருந்தினர்களை அழைத்துப் போனார்கள். ஆளுக்கொரு வலையும் கொடுத்தார்கள்.

ஒருநாள் மரகதம் போன் செய்தார்.

“அம்மா, நல்லாருக்கீங்களா? நீங்க ஒதைச்சதைப் படத்துல பாத்துட்டு இப்ப எல்லாரும் வந்து ஒதைக்கறாங்க. ஓஸ்ல வர்ற தண்ணி நொரையா வருதுங்க. ஷாம்பு வாசம் அடிக்குது. நல்ல வாசந்தான், ஆனா சோத்துக்கு ஒத்துவரலீங்க.”

சுலோச்சனா மறுநாளே கீர்த்திவாசனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சோலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதை இப்போது கார் போகும் அகலத்தில் இருந்தது. ஓடையின் கற்களையெல்லாம் எடுத்துக் குறுக்கே அணைபோல் கட்டி, குளிப்பதற்குக் குட்டை ஆக்கியிருந்தார்கள். மிச்சக் கற்களைப் போட்டோவுக்காக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். பேப்பர் தட்டுகள், ஷாம்பு உறைகள், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. தட்டில் கொட்டிப் பார்த்தபோது ரெட்டைவால் ஒன்றுகூட இல்லை. அணைக்குள் தேங்கிய சேற்றில் சிவப்பு நூல்கள் கொத்துக் கொத்தாக நெளிந்தன.

சுலோச்சனா ‘மோசம்’ என்று எழுதினார். அவர் எழுத்தில் பழகிப்போன சொல்தான். ஆனால் அன்று அவர் கண் கலங்கியதைக் கீர்த்திவாசன் பார்த்தார்.

“நீங்க என்னங்க மேடம் பண்ணுவீங்க, நீங்க உள்ளதைத்தானே எழுதினீங்க” என்றார்.

“தம்பி, நான் ரிஜெக்ட் பண்ணின சாமான் திரும்பிப் போனா அது சப்ளையரோட பாடு. அக்செப்ட் பண்ணின சாமான் வெளிய போயி கெட்டுதுன்னா அதுக்கு இன்ஸ்பெக்டர்தான் பதில் சொல்லோணும். இது நான் அக்செப்ட் பண்ணினதுங்க.”

முதலில் செய்தித்தாளுக்குப் போனார். நல்ல மதிப்பெண்ணுக்கு இடம் கொடுத்தவர்கள் இதற்கும் கொடுப்பார்கள் என்று நினைத்தார். சீசன் நேரத்தில் இதெல்லாம் வேண்டாமே, மழைக்காலத்தில் பார்க்கலாம் என்று பணிவாகச் சொல்லி, குடிக்கக் காப்பியும் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குள் விஷயம் தெரிந்து ரமேஷ் மீண்டும் வந்தார். இந்தமுறை பழக்கூடை.

“மேடம், அந்த எடத்துல கொஞ்சம் ஆள் நடமாட்டம் ஜாஸ்தியாயிருச்சு, ஒத்துக்கறேன். கொஞ்சம் மேல ஏறிப் போயி டெஸ்ட் பண்ணுங்களேன். அங்க எல்லாம் அப்படியே இருக்குது. நான் பாத்துட்டேன்.”

“மேல நல்லாருக்குன்னு எழுதினா நாளைக்கு மேலயும் கூட்டீட்டுப் போவீங்க.”

“அப்ப நீங்க மொதல்ல குடுத்த ரிசல்ட்டு பொய்யுங்களா?”

“உண்மைங்க. அதாங்க வினையாப் போச்சு.”

பழக்கூடை அவரோடே திரும்பிப் போனது. ஆப்பிளில் ஒன்று அடிபட்டிருந்ததைச் சுலோச்சனா முதலிலேயே பார்த்துவிட்டார்.

அடுத்து அவர் செய்த காரியம் யாரும் எதிர்பாராதது. பஜாரில் போர்டு எழுதுகிறவரிடம் போய், ரிசார்ட் போர்டைவிடப் பெரிதாக ஒரு தகரப் போர்டு எழுதச் சொன்னார். எழுத்து சிவப்பில் இருக்கவேண்டும், அதுவும் ‘ரிஜெக்ட்’ முத்திரையின் சிவப்பு. சோலைக்குப் பிரியும் பாதை எஸ்டேட்டுக்குச் சொந்தம். தேயிலைக்குள் புகுந்து செடியை மிதித்துப் படமெடுக்கிறவர்களால் நொந்துபோயிருந்த எஸ்டேட் மேனேஜர், போர்டு நடச் சந்தோஷமாகச் சம்மதித்தார். எழுதவேண்டியதைச் சுலோச்சனா கீர்த்திவாசனுக்கு வாசித்துக் காட்டினார்: ‘நீர் பரிசோதனை முடிவு: மோசம். இந்த ஓடையில் ரத்தப்புழு உள்ளது.’ அடியில் சின்ன எழுத்தில் சோதித்த மாதம்.

கீர்த்திவாசன் தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் சரிதாங்க மேடம். ஆனா ரத்தப்புழு கடிக்காதுன்னு ஒரு வரி சேத்துட்டா...”

“போர்டுல எடமில்லீங்க தம்பி.”

போர்டில் மாடு படுக்கும் அளவு இடம் இருந்தது. கீர்த்திவாசன் அதைப் பார்த்தார், சுலோச்சனாவையும் பார்த்தார், அப்புறம் சரியென்று தலையாட்டினார்.

போர்டு நட்ட வாரத்திலேயே கூட்டம் குறைந்தது. முதலில் வந்த கார், போர்டைப் படித்து முடிப்பதற்குள் ரிவர்ஸ் எடுத்தது என்று மரகதம் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அந்தப் புழு கால்விரல் இடுக்கு வழியாக உள்ளே போவதாக இருந்தது. மேட்டுப்பாளையத்தில் அது இரவோடிரவாக ரத்தத்தையெல்லாம் உறிஞ்சிவிடுவதாகச் சொன்னார்கள். கோயமுத்தூரிலிருந்து நல்லசிவத்தின் தங்கை போன் செய்து, மூளைக்குள் போகிற புழு உங்கள் ஊரில் வந்திருக்கிறதாமே, அண்ணி வேறு தண்ணீரில் இறங்குகிறார்களே என்று அழுதார். நல்லசிவம் விளக்கம் சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆமா கண்ணு, சாக்கிரதையா இருக்கச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் முறையாக ரமேஷ் வந்தார். கையில் ஒன்றுமில்லை.

“ஏனுங்க மேடம், இப்படிப் பொய்யெழுதி எங்க பொழப்பைக் கெடுக்கலாங்களா?”

“எந்த வார்த்தை பொய்னு சொல்லுங்க, இப்பவே பெயிண்டோட வந்து அழிச்சுப்போடறேன்.”

ரமேஷ் போனில் எடுத்துவைத்திருந்த போர்டுப் படத்தை விரலால் பெரிதாக்கி மறுபடி மறுபடி படித்தார். ஓடைக்குப் பொய் தெரியாது. சுலோச்சனாவும் பொய் சொல்லவில்லை. நடுவில் எங்கேயோதான் அது நடக்கிறது, ஆனால் பிடிபடவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச நாளில் அவர் ரிசார்ட்டில் ஓடை நடையை நிறுத்திவிட்டுத் தேயிலை சுவைக்கும் நிகழ்ச்சி ஆரம்பித்தார். அது முன்னதைவிட நன்றாகப் போவதாகக் கேள்வி.

ஆனியில் பிடித்த மழை ஆடியிலும் விடவில்லை. கட்டிவைத்த அணையை ஓடை உருட்டித் தள்ளியது, அடுக்கிய கற்களைக் கலைத்துப் படுக்கவைத்தது. ஐப்பசி மழையும் வந்து போனது. பனிக்காலம் முடியும் சமயத்தில் சுலோச்சனா மரகதத்தோடு மறுபடியும் சோலைக்குள் போனார். பாதையைப் புல் மூடியிருந்தது. தண்ணீரில் இறங்கி, முன்னைவிட மெதுவாக, மன்னிப்புக் கேட்பதுபோல் காலால் கிளறினார். தட்டில் கொட்டினார்.

ரெட்டைவால் வந்திருந்தது. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு எண்ணவேண்டிய தேவையே இல்லை. கூடுகட்டிகளும் வீட்டோடு வந்துவிட்டன. மேலே உள்ள காட்டிலிருந்து மிதந்து இறங்கியிருக்கவேண்டும்.

“அப்பாடா” என்றார் மரகதம். “ஓஸ்லயும் இப்பத் தண்ணி பழையபடி பல்லு கூசற மாதிரி வருதுங்க.”

சுலோச்சனாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அந்த மலர்ச்சி நிலைக்கவில்லை.

“ஏனுங்கம்மா, நல்லதுதானே? எதுக்கு மூஞ்சி இப்படிப் போகுது?”

“மரகதம், நம்ம போர்டுல ‘ரத்தப்புழு உள்ளது’ன்னு எழுதியிருக்குதுங்க. மோசம்ங்கறது அந்த மாசத்து ரிசல்ட்டு, அது எப்பவும் உண்மைதான். ஆனா ‘உள்ளது’ன்னா இன்னிக்கும் இருக்கோணும். இந்தத் தட்டுல ஒண்ணுகூட இல்லீங்களே.”

“இல்லாட்டி என்னங்க? யாரு வந்து எண்ணிப் பாக்கறாங்க?”

“நான் பாத்தனுங்களே.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரகதமும் தண்ணீரில் இறங்கினார். ஓடை முழுக்க இரண்டு பெண்களும் குனிந்து தேடினார்கள். காலமெல்லாம் நல்ல சாமானில் குறை தேடிச் சலிக்காதவர்தான் சுலோச்சனா, ஆனால் ஒரு குறை கிடைத்துவிடவேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு தேடியது அதுதான் முதல்முறை. கல்லைப் புரட்டினால் ரெட்டைவால். மணலை அள்ளினால் கூடுகட்டி. எங்கு பார்த்தாலும் ஆரோக்கியம், எரிச்சலூட்டும் ஆரோக்கியம். முதுகு வலித்தது. வெயில் சாய ஆரம்பித்தது. காட்டெருமை இறங்கும் நேரம், போகலாம் என்றார் மரகதம்.

கரையோரத்தில், ஓட்டம் எட்டாத ஒரு சின்னப் பள்ளத்தில் இலைகள் விழுந்து அழுகிக் கிடந்தன. சுலோச்சனா கடைசியாக அதில் கைவிட்டு ஒரு பிடி சேற்றை அள்ளித் தட்டில் கரைத்தார். கறுப்புக் கரைசல் தெளியத் தெளிய, நடுவில் ஒரே ஒரு சிவப்பு நூல் சுருண்டு நிமிர்ந்தது.

“இருக்குது! மரகதம், இருக்குதுங்க!”

“ஒண்ணுதானுங்களே?”

“‘உள்ளது’ன்னுதான் எழுதியிருக்கறேன். எத்தனைன்னு எழுதலீங்க.”

ஓடைக்கு அன்று ‘மிக நன்று’ என்றே எழுதினார். ஒரு புழுவுக்காக மதிப்பெண்ணைக் குறைக்க விதியில் இடமில்லை, விதியில் இல்லாததை அவர் செய்யமாட்டார். ஆனால் அறிக்கையில் ஓடையின் பெயரைப் போடாமல் ‘குந்தா வட்டம், ஓர் ஓடை’ என்று மட்டும் போடவேண்டும் என்று கீர்த்திவாசனிடம் போனில் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் அவர்கள் குழுவின் அறிக்கையில் மோசமான ஓடைகளுக்கு மட்டும்தான் பெயர் இருக்கிறது. நன்றாக இருப்பவையெல்லாம் ஓர் ஓடை, ஓர் ஓடை, ஓர் ஓடை.

கிளம்பும்முன் சுலோச்சனா அந்தப் புழுவைத் தட்டிலிருந்து ஓடையில் கொட்டிவிடவில்லை. அதே பள்ளத்துக்குக் கொண்டுபோய், அதே அழுகிய இலைக்கடியில் பதமாக விட்டார். மேலே இன்னும் இரண்டு இலையைப் பொறுக்கிப் போட்டு மூடினார்.

“இது செத்துப்போச்சுன்னா?” என்றார் மரகதம்.

“அடுத்த தடவை வேற தேடுவனுங்க” என்று சொல்லிவிட்டு, சுலோச்சனா பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்து, உள்ளே ஏறியிருந்த அட்டையை எடுத்து எறிந்தார்.